நான்கரை ஆங்ஸ்ட்ராம்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தொட்டுப் பேசுவதில்லை. பாசம் இல்லாமல் இல்லை. அப்பா கல் உடைத்தார், அம்மா உடைத்த கல்லைக் கூடையில் சுமந்தாள், அண்ணன் பன்னிரண்டு வயதில் சரக்குக் கிடங்குக்கு மூட்டை தூக்கப் போனான். எல்லோர் கையும் உப்புத்தாள் மாதிரி இருக்கும். தொட்டால் எரியும். அதனால் எட்ட நின்றே பேசிப் பழகிவிட்டோம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த எனக்குக் கிடைத்த வேலை, எது எதைத் தொடுகிறது என்று பார்த்துச் சொல்வது. அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

நீங்கள் எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள், எழுத்திலேயே சொல்கிறேன். விசாரணைக் குழுவில் இருக்கும் மூவரில் ஒருவர் வக்கீல் என்று தெரியும். அவருக்கும் புரியும்படி வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

புரதம் என்பது மணிகள் கோத்த நீளமான கயிறு. ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். கயிறு நேராக இருப்பதில்லை, சுருண்டு மடங்கிக் கட்டியாகக் கிடக்கும். கயிற்றில் எங்கோ தள்ளியிருக்கும் இரண்டு மணிகள் இந்த மடிப்பில் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிகள்தான் கட்டியைக் கலையாமல் வைத்திருக்கின்றன. நான் அணுவுக்கும் அணுவுக்கும் இடையே தூரம் அளப்பேன். நான்கரை ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் பிடி உண்டு. அதற்கு மேல் போனால் இல்லை. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி லட்சத்துக்கும் மேல் அடுக்கலாம். அவ்வளவு சின்ன தூரம்.

அளப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனிக்கும் விரல் நுனிக்கும் நடுவே அளக்கலாம். தோளுக்கும் தோளுக்கும் நடுவேயும் அளக்கலாம். விரல் அளவுக்கு எல்லை நான்கரை. தோள் அளவுக்கு எல்லை எட்டு. இரண்டுமே உலகத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகள். ஆனால் தோளோடு தோள் நெருங்கி உட்கார்ந்திருப்பவர்கள் கை கோத்திருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் விரல் அளவுதான் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புரதத்தைப் படிகமாக்கிப் படம் எடுக்கும்போது சில மணிகளின் கை ஒரே இடத்தில் நிற்காது. கொஞ்ச நேரம் இப்படி, கொஞ்ச நேரம் அப்படி. படத்தில் இரண்டும் பதிவாகும். அதிகம் நிற்கும் இடத்துக்கு ஏ என்றும் மற்றதற்கு பி என்றும் பெயர். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரே பிடி இரண்டாகக் கணக்கில் ஏறிவிடும். ஒருமுறை அப்படி ஏறி, எங்கள் கட்டுரை ஒன்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் கூடத்துக்குத் தலைவரான மேடம் ஒரு விதி போட்டார். ஏ நிலையை மட்டும் எடு, பி நிலையை விடு. அதை அச்சடித்து என் மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டியிருந்தார்கள். புரதத்தில் மருந்து போய் உட்காரும் ஒரு குழி உண்டு, அதன் ஓரத்தில் மட்டும் இரண்டு நிலையையும் பார்ப்பது நல்லது என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். தாளில் அது எழுதியிருக்கவில்லை.

நான் எந்த எண்ணையும் மாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நோய் தசையில் வருவது. தசைக்குள் சேரும் சர்க்கரையைக் கரைக்க ஒரு புரதம் இருக்கிறது. அதில் ஒரு மணி மாறிப் பிறந்தவர்களுக்குக் கட்டி தளர்ந்துபோகும். தளர்ந்ததை உடம்பே குப்பையில் போட்டுவிடும். சர்க்கரை தேங்கித் தேங்கித் தசை நார் நாராகப் போகும், கடைசியில் மூச்சு இழுக்கிற தசையும் போகும். எங்கள் நிறுவனம் சோதித்த மாத்திரை, மேட்டில் நிறுத்திய லாரியின் சக்கரத்துக்குக் கீழே வைக்கிற கல் மாதிரி. புரதத்தின் குழியில் போய் உட்கார்ந்து அதைச் சரியாமல் முட்டுக் கொடுக்கும். ஆனால் குழியின் வாயில் இரண்டு மணிகள் கை கோத்திருந்தால்தான் கல் உள்ளே நிற்கும். இல்லாவிட்டால் உருண்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு நோயாளியின் புரதத்தையும் பார்த்து அந்தப் பிடி உண்டா இல்லையா என்று எழுதுவது என் வேலை. உண்டு என்றால் மருந்து. இல்லை என்றால் வீட்டுக்கு.

அந்த நோய் என் அண்ணனுக்கு இருக்கிறது. கெட்ட மணி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் அவனுக்கு வந்தன. எனக்கு ஒன்றுதான் வந்தது. ஒன்று இருந்தால் ஒன்றும் ஆகாது. பங்கு பிரிக்கும்போது எப்போதும் எனக்கு நல்லதே வந்திருக்கிறது.

கிடங்கில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பலகை மேல் பாட்டுப் பாடியபடி ஏறுவான். அப்படி ஏறி ஏறித்தான் என்னைப் படிக்க வைத்தான். நாற்பது தாண்டியதும் முதலில் படி ஏறுவது போயிற்று. பிறகு தரையிலிருந்து எழுவது. தன் முழங்காலைத் தானே பிடித்து, தன் தொடை மேல் தானே ஏறுவதுபோல எழுந்து நிற்பான். கிரேன் பஞ்சராகிவிட்டது என்று கூட்டாளிகள் கேலி பேசினார்கள். "கிரேனுக்கு ஏதுடா டயரு, அறிவு கெட்டவனுங்களா" என்று அவனும் சிரித்தான். அதற்கடுத்த மாதம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சோதனைக்குப் பன்னிரண்டு இடம். பதினோரு இடம் நிரம்பிவிட்டது. கடைசி இடத்துக்கு இரண்டு மாதிரிகள் வந்தன. மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஓடும் கெட்ட மணியை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன், அதனால் எந்த எண் அண்ணனுடையது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இவர்களில் யாரேனும் உறவா என்று கேட்கும் தாளில் இல்லை என்று எழுதினேன். அதை மறைக்கப் போவதில்லை.

இன்னொரு எண் யார் என்பதும் தெரியும். மருத்துவமனையில் ரத்தம் எடுக்கப் போன நாள் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். அன்று ரத்தம் கொடுத்தது அவர்கள் இருவர் மட்டும்தான். அன்று வீட்டுக்கு வந்து அவளைப் பற்றியே பேசினான்.

"சட்டைக்குக் காலர் தைக்கிற பொண்ணுடா. ஒரு நாளைக்கு நானூறு காலர் தைப்பாளாம். இப்ப கத்திரிக்கோலைத் தூக்க முடியலையாம். நான் சொன்னேன், நான் மூட்டை, நீ கத்திரி, நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு எலுமிச்சம்பழம் தூக்கலாம் தங்கச்சின்னு."

"சிரிச்சுதா?"

"சிரிச்சுது. சிரிக்கிறதுக்கே மூச்சு பத்தல அதுக்கு. நம்மள விட மோசம்டா."

அவளுக்குப் பத்தாவது படிக்கும் மகள் இருந்தாள். கணவன் இல்லை. இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவன் யாரோடும் பத்து நிமிடம் பேசினால் அவர்கள் குடும்பம் முழுக்கத் தெரிந்துகொண்டு வந்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு வாசலில் மூன்றாவது படியில் முடியாமல் உட்கார்ந்துவிட்டான். நான் இரண்டு படி கீழே நின்றேன். கைகொடுத்துத் தூக்கலாமா என்று யோசித்தேன், வழக்கமில்லை என்பதால் நின்றேன். அவன் தெருவைப் பார்த்தபடி கேட்டான்.

"நமக்கு ஒத்துவருமாடா அது?"

"பாக்குறேண்ணே."

"நீ பாக்குறேன்னு சொன்னா சரி."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்ட ஒன்று அது.

அந்த இரண்டு கோப்புகளும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தன. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அண்ணனுடையதை எடுத்தேன். குழியின் வாயில் நீளக் கை உள்ள மணி இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்குக் குட்டைக் கை உள்ள மணி. எதிர்ப்பக்கத்து மணிக்கு அது எட்டவில்லை. விரல் அளவு ஐந்து புள்ளி மூன்று. மறுபடி அளந்தேன். கம்ப்யூட்டரில் மறுபடி அளந்தாலும் அதே எண்தான் வரும். இருந்தும் அளந்தேன். பிறகு எழுந்துபோய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

தோள் அளவு போட்டுப் பார்த்தேன். ஏழு புள்ளி நான்கு. எல்லை எட்டு. ரிப்போர்ட்டில் எந்த அளவு என்று கேட்கும் கட்டம் இல்லை. பிடி உண்டா, இல்லையா, அவ்வளவுதான். உண்டு என்று எழுதினேன். அந்த அளவில் அது உண்மை.

அடுத்தது அந்தப் பெண்ணுடைய கோப்பு. அவளுக்கு நீளக் கை இருந்தது. ஆனால் நிலையாக நிற்கவில்லை. நூற்றில் அறுபது பங்கு ஏ நிலை, நாற்பது பங்கு பி நிலை. ஏ நிலையில் கை வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, பிடி இல்லை. விதி சுவரில் இருந்தது. ஏ நிலையை மட்டும் எடுத்தேன். பி நிலை என்ன என்று பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி விதி இல்லை. இல்லை என்று எழுதினேன்.

இப்படித்தான் நடந்தது. ஒன்றில் வழக்கத்தை விட்டேன், இன்னொன்றில் விதியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவே இருபது நிமிடம் இருக்கும்.

மேடம் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். அவர் என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. கல்லுடைக்கிற வீட்டிலிருந்து வந்தவன், கணக்கு அத்தனை துல்லியம் என்று வெளியாட்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார்.

"ரெண்டையும் நீங்களே பாத்தீங்களா?"

"ஆமா மேடம்."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார். அவரை இதில் இழுக்க வேண்டாம். என்னை நம்பியதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை.

அண்ணனுக்கு மாத்திரை வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெறும் வயிற்றில். முதல் மாதமே தேறிவிட்டதாகச் சொன்னான். நான் போகும்போதெல்லாம் எதையாவது தூக்கிக் காட்டுவான். வாளி, நாற்காலி, ஒருமுறை பக்கத்து வீட்டுக் குழந்தை. வாளியைத் தூக்கும்போது தொடையில் முட்டுக் கொடுப்பதைப் பார்த்தேன். குழந்தையைத் தூக்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் அது அவன் மடியில் ஏறியது. "பாத்தியா, உன் மாத்திரை" என்றான். என் மாத்திரை என்றே அதைச் சொல்வான். ரத்த ரிப்போர்ட்டுகள் என் மேசைக்கு வரும். முதல் மாதமும் ஆறாம் மாதமும் ஒன்றே. கல் உள்ளே நிற்கவில்லை, உருண்டுகொண்டிருந்தது. அதை நானும் ரிப்போர்ட்டும் மட்டும் அறிவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். நாலு தெரு தள்ளி வீடு. அந்த நாலு தெருவைக் கடக்க அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து எழுந்து போவான். அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் உட்கார்ந்தபடியே தூங்கினாளாம். தையல் மெஷின் மேஜை மேல் தலையணை வைத்து அதில் சாய்ந்துகொள்வாளாம். மகள்தான் தலை சீவிவிடுவாளாம்.

ஏழாம் மாதம் என்று நினைக்கிறேன், அவன் என்னிடம் ஒன்று சொன்னான். சொல்லும்போது திட்டு வாங்கப் போகிறவன்போலத் தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதடா. எம் மாத்திரைல பாதிய அதுக்குக் குடுக்கலாம்னு கொண்டுபோனேன்."

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"வாங்க மாட்டேன்னுடுச்சு. என்ன சொல்லுது தெரியுமா? எனக்குப் பொருந்தாதுன்னு அளந்து எழுதிட்டாங்கண்ணே, பொருந்தாதத முழுங்கி உங்க பங்கையும் ஏன் கெடுக்கணும்னு. உங்க தம்பி அளந்தா தப்பா இருக்குமாங்குது. உன் பேரு கூட அதுக்குத் தெரியாது. நான்தான் பெருமைக்குச் சொல்லி வெச்சிருந்தேன், எந் தம்பிதான் அங்க அளக்குறான்னு."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பாதி மாத்திரையைக் கட்டாயப்படுத்திக் கொடு என்று அவனிடம் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே எழுந்து நடந்திருப்பான். "டாக்டர் சொல்லாம மாத்திரைய மாத்திக் கொடுக்கக் கூடாதுண்ணே" என்றேன். அதுவும் விதிதான். அதுவும் உண்மைதான்.

"ஆமாமா, தப்புதான்" என்றான்.

பதினோராம் மாதம் அவள் இறந்துபோனாள். அண்ணன் போய்விட்டு வந்து என் வீட்டில் ஒரு நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கொடுத்தேன், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தான். அந்தப் பெண் கடைசி வாரம் மகளை வெட்டித் தரச் சொல்லி அவனுக்கு ஒரு சட்டை தைக்கத் தொடங்கியிருந்தாளாம். காலர் மட்டும்தான் முடிந்திருந்தது. அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினான். தையல் நேராக இல்லை. நானூறு காலர் தைத்தவளின் தையல். மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டான்.

"அதுக்கு ஏன்டா ஒத்துவரல?" என்றான். குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"கை எட்டலண்ணே" என்றேன். கை எட்டாதது அவனுக்குத்தான். அவள் ரிப்போர்ட்டில் எழுதியதைச் சொல்வதாக நினைத்து அவனுடையதைச் சொல்லிவிட்டேன். அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். கட்டுரை எழுதுவதற்காக வேறு ஊர்க் கூடத்தில் ஒரு பெண் பன்னிரண்டு பேரையும், விட்டுப்போனவர்களையும் முதலிலிருந்து அளந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். எங்கள் விதி அவள் சுவரில் இல்லை. அதனால் இரண்டு நிலையையும் பார்த்தாள், எல்லாவற்றையும் விரல் அளவில் அளந்தாள். இரண்டு எண்கள் இடிக்கின்றன என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதினாள். உங்கள் ஆட்கள் அண்ணன் வீட்டுக்குப் போய், இந்த மருந்து உங்களுக்கு ஏற்றதல்ல என்று விளக்கி, மீதி மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்று மாலையே அவன் என் வீட்டுக்கு வந்தான். இரண்டாவது மாடி. தனியாக ஏறி வந்திருந்தான். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, கதவைத் திறந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. உள்ளே வரவில்லை, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாத்திர வேல செய்யலன்னு எனக்கு ரெண்டாம் மாசமே தெரியும்டா" என்றான். "எந் தொடையாச்சே, எனக்குத் தெரியாதா. நீ முகம் கோணுவியேன்னு வாளியத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

நான் வழிவிட்டு விலகி நின்றேன்.

"முடியாதுண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னடா பண்ணியிருப்பேன்? சரின்னு போயிருப்பேன். எத்தன மூட்டைய இது நம்மால ஆகாதுன்னு எறக்கி வெச்சிருக்கேன். எறக்கி வெக்கத் தெரியாதவன் நீதான்."

திரும்பி இறங்கப் போனான். முதல் படியிலேயே முழங்கால் மடங்கியது. நான் முன்னால் போய் நின்றேன், அவன் என் தோளில் கை வைத்தான். வேறு வழியில்லை. இரண்டு மாடியும் அப்படியே இறங்கினோம். அவன் கை இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உப்புத்தாள் எல்லாம் போய்விட்டது. மூன்று வருடமாக மூட்டை தூக்காத கை. மெத்தென்று, சின்னப் பிள்ளை கைபோல இருந்தது. தெருவுக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்க வரவில்லை. நான் போனால் தூங்குவதாகச் சொல்லச் சொல்கிறான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டு மாதிரிகளுக்கு இரண்டு அளவுமுறை ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அண்ணனிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால். அந்த வீட்டில் அத்தனை பேர் முதுகை வளைத்து ஒருவனைப் படிக்க வைத்து, அந்தப் படிப்பு அவனுக்கு ஒரு மாத்திரைக்குக் கூட உதவாது என்று அந்த மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை. மருந்து அவனைக் காப்பாற்றும் என்று நான் ஒரு நிமிடம்கூட நம்பியதில்லை. அவனுக்காகச் செய்தேன் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். அவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொரு கேள்வி நீங்கள் கேட்கவில்லை. எந்தக் கோப்பை முதலில் திறந்தேன் என்று. மேலே அண்ணனுடையதை முதலில் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். படிக்க நன்றாக இருக்கும் என்பதால் அப்படி எழுதினேன். முதலில் திறந்தது அவளுடையதை. இருவருக்கும் உண்டு என்று வந்தால் யாருக்கு உடம்பு மோசமோ அவருக்குத்தான் இடம் என்பது எனக்குத் தெரியும். யாருக்கு மோசம் என்பதை அண்ணனே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான். அதனால் அவளுடையது எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

பி நிலையைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். உங்களிடம் வாயால் சொன்னபோதும் அப்படித்தான் சொன்னேன். மேடமிடமும் சொன்னேன். ராத்திரி கண்ணை மூடும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் அதுதான்.

பார்த்தேன். மூன்று புள்ளி நான்கு. தொட்டுக்கொண்டிருந்தது.